கற்பிட்டிக் கரையில் உல்லாச விடுமுறை

மொறொக்கோ நாட்டு யாத்திரிகரான இப்னு பதூதா 1344-ஆம் ஆண்டிலே மாலைதீவிலிருந்து தமிழ்நாட்டுக் கரையை நோக்கிக் கப்பலேறினார். காற்று அவர் விரும்பிய திசையில் வீசவில்லை. கப்பல் இலங்கையின் கரையை அடைந்தது. அவர் இறங்கிய பட்டினத்தின் பெயரைப் ‘பத்தாலா’ என எழுதி வைத்திருக்கிறார். அது நமது புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரும் ஏற்ற கருத்து. அப்பொழுது அக்கரையை ஆண்டவன் தமிழ் மன்னனான ஆரியச்சக்கரவர்த்தி. பாரசீக மொழி விளங்கக்கூடிய அம்மன்னன் விருந்தினரை மகிழ்ச்சியோடு வரவேற்று முத்துக்களைக் காட்டினான். மலையுச்சியிலுள்ள பாதச் சுவட்டைத் தரிசிக்க வேண்டும் என்று யாத்திரிகர் கேட்டபோது பல்லக்கும், அதனைச் சுமக்க ஆட்களும், வழித்துணையாக யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், உணவுப் பொருள்களைச் சுமந்து செல்லப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பினான். வழியில் தண்ணீருக்குக் குறைவில்லை என்பதையும் யாத்திரிகர் மறவாமற் குறித்திருக்கிறார்.

நேயர்களே, புத்தளக் கரையிலே வெளிநாட்டு விருந்தினர் ஒருவருக்குச் செய்யப்பட்ட உல்லாசப் பிரயாண ஏற்பாடுகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய விவரம் இதுதான். இன்றைக்கும் இக்கரையில் விடுமுறையைச் சுகமாகக் கழிக்க விரும்புவோர் அந்த மன்னன் கவனித்த மூன்று விஷயங்களையே கவனிக்க வேண்டியிருக்கிறது. காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது? வழிகாட்டிச் செல்வோர் யார்? குடிநீர் எங்கிருந்து வருகிறது? படுக்கையின் மென்மையும் குளிரூட்டிய அறையும் பின்னர் வருவன. அவற்றைப் பணம் கொடுத்து எங்கேயும் வாங்கலாம். முன்னவை மூன்றும் அப்படியல்ல.

முதலில் இடத்தை மனக்கண்ணிற் பார்த்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாக வடக்கே செல்லும் வீதியிலே, புத்தளம் நகரை அடைவதற்குச் சற்று முன்னதாகப் பாலாவிச் சந்தி வருகிறது. அங்கே இடப்புறம் திரும்பினால் ஒரு நீண்ட மணல் நாக்கின்மீது பிரயாணம் தொடங்குகிறது. மேற்கே திறந்த கடல். கிழக்கே ஆழமற்ற புத்தளக் களப்பு. அதன் பரப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர். சந்தியிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் சென்றால் கற்பிட்டிப் பட்டினம். அதற்கு அப்பாற் சிறு தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. எருமைத்தீவு, காக்கைத்தீவு, இப்பந்தீவு, பெரிய அரிச்சல், சின்ன அரிச்சல், உச்சமுனை, எல்லாவற்றுக்கும் வடக்கே பத்தலங்குண்டு. பெயர்களைச் சொல்லும்போதே, இவை யாருடைய நாவிலே பிறந்தவை என்பது விளங்கும். ஆளில்லாத் தீவுகள் என்று விளம்பரத் தாள்கள் கூறும் நிலங்களுக்கு இத்தனை வீட்டுப் பெயர்கள் எப்படி வந்தன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னர் வருவோம்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கற்பிட்டிக்கு மோட்டார் வண்டியிலே மூன்று மணித்தியாலம் போல் ஆகும். கற்பிட்டிக்குப் புகைவண்டிப் பாதை இல்லை. வழியிலே நுரைச்சோலையில் நிலக்கரி மின்னிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் கண்ணிற்படும். அதன் முதற்பகுதி 2011-இல் இயங்கத் தொடங்கியது. மூன்று பகுதிகளும் சேர்ந்து 900 மெகாவாற்று வலுவுடையவை. தென்னஞ்சோலையையும் நீலக்கடலையும் மட்டுமே எதிர்பார்த்து வருவோர் இதனைக் கண்டு முகஞ்சுளிப்பதுண்டு. ஆயினும் அவர்கள் தங்கப்போகும் அறையின் குளிரூட்டிக்கும் மின்சாரம் ஏதோ ஒரு புகைபோக்கியின் அடியிலிருந்துதானே வரவேண்டும்!

இனிக் காற்றைப் பற்றிச் சொல்கிறேன். விடுமுறை மாதத்தைத் தீர்மானிப்பதற்கு முன்னர் தீர்மானிக்க வேண்டியது, நீங்கள் விரும்புவது அமைதியான கடலா, வீசும் காற்றா என்பதே. இரண்டும் ஒரே காலத்திற் கிடைக்கமாட்டா. மே மாதம் முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இக்கரையை ஓயாமல் அறைகிறது. ஈழத்துத் தமிழ் மீனவர் இதனைச் சோளகம் என்றும் கச்சான் என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாற்றி வழங்குவர். அக்காலத்தில் மேற்குக் கடல் கொந்தளித்து நிற்கும். படகில் ஏறித் திமிங்கிலம் பார்க்கலாம் என்று வந்தவர் அறைக்குள் இருந்து அலையின் இரைச்சலைத்தான் கேட்கலாம். ஆனால் அதே காற்று களப்பின்மீது வீசும்போது கதை வேறு. நடுவிலே மணற்றிட்டு இருப்பதால் அங்கே பேரலை எழுவதில்லை. நீர் தட்டையாக விரிந்திருக்க, காற்று மட்டும் விசையோடு செல்கிறது. பெரிய காற்றாடியை இடுப்பிற் பிணைத்துக்கொண்டு பலகையின்மேல் நின்று நீரிற் சறுக்கிச் செல்லும் விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஆசியாவிற் சிலவே உண்டு. ஐரோப்பிய இளைஞர் பலர் கற்பிட்டியின் பெயரை அறிந்திருப்பது இதனாலேதான். டிசம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்றிலும் இவ்விளையாட்டு நடைபெறுகிறது. எனினும் வேகம் சற்றுக் குறைவு.

அமைதியான கடலை நாடுவோர் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நவம்பரில் மழையும் கூடவே வரும் என்பதால், ஜனவரிக்குப் பின் வருவது மேலானது என்பது என் எண்ணம். கற்பிட்டிக்கு நேரே கண்டமேடையின் விளிம்பு கரைக்கு அண்மையிற் சரிந்து ஆழ்கடலாகிறது. ஆழத்தின் ஓரத்தில் இரை மிகுதி. இரை மிகுந்த இடத்தைப் பெருமீன்களும் கடற்பாலூட்டிகளும் நாடும். நீரை விட்டு மேலெழுந்து உடலைப் பம்பரம்போற் சுழற்றி விழும் ஓங்கில்கள், அதாவது டொல்பின்கள், இங்கே நூற்றுக்கணக்கிலே கூட்டமாகத் திரிகின்றன. சில காலைகளில் அக்கூட்டம் ஆயிரத்தையும் தாண்டிவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலே ஸ்பேர்ம் என்னும் பெருந்தலைத் திமிங்கிலங்களையும் காணும் வாய்ப்பு உண்டு. விடியற்காலையிற் புறப்பட்டு நண்பகலுக்கு முன்னர் திரும்பிவிடுவதே இங்குள்ள படகோட்டிகளின் வழக்கம். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். திமிங்கிலத்தைப் பார்க்கச் செல்லும் படகுகளுக்கு 2012-ஆம் ஆண்டிலே வனசீவராசிகள் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகள் வகுக்கப்பட்டன. திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் படகு நெருங்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் பணம் கொடுத்து வந்தவர் “இன்னும் கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ” என்று அவசரப்படுத்தினாற் படகோட்டி என்ன செய்வான்? மறுத்தால் அடுத்த நாள் விருந்தினர் வேறு படகைத் தேடுவர் என்ற பயம் அவனுக்கு. விதியை மீறுபவன் அவனாக இருந்தாலும் மீறச் செய்பவர் படகின் நடுவிலே அமர்ந்திருப்பவர்தாம். இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சும்மா மிதந்திருந்தால் ஓங்கில்கள் தாமாகவே படகின் அருகே வந்து விளையாடுவதை அங்குள்ள எந்த மீனவரும் சொல்வார்.

குடாநாட்டின் மேற்கிலும் வடமேற்கிலும் பார் றீஃப் எனப்படும் முருகைப் பார் இருக்கிறது. 1992-இல் இது கடற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான பரப்பு. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட முருகை இனங்கள் இங்கே கணக்கிடப்பட்டுள்ளன. 1998-இலே கடல்நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியபோது ஆழமற்ற பகுதியிலிருந்த முருகைகள் வெளிறி, பெரும்பகுதி மாண்டுபோயின. பின்னர் மெல்ல மெல்லத் தளிர்த்தன. 2016-இல் மீண்டும் ஒரு வெப்ப அலை வந்து அவற்றைத் தாக்கியது. ஆகவே பழைய படங்களிற் கண்ட வண்ணக்காட்டை எல்லா இடத்திலும் எதிர்பார்த்துச் செல்லலாகாது. முகமூடி அணிந்து நீருக்குள் நோக்குவோர் முருகையின்மீது காலூன்றி நிற்காதிருப்பதும், படகோட்டி அதன்மேல் நங்கூரம் போடாதிருப்பதும் நோயிலிருந்து எழுந்த ஒருவனை மறுபடியும் தள்ளி விழுத்தாதிருப்பதற்கு ஒப்பாகும்.

இப்பொழுது தண்ணீர். இக்கரையைப் பற்றிப் பேசும்போது நான் அதிக நேரம் செலவிட விரும்புவது இதற்கே.

கற்பிட்டிக் குடாநாட்டிலே ஆறு கிடையாது. ஆண்டு மழை ஏறக்குறைய 1,000 முதல் 1,200 மில்லிமீற்றர். கொழும்பிற் பெய்வதில் ஏறத்தாழப் பாதி. அப்படியிருந்தும் இங்குள்ள தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செழித்து விளைகின்றன. மணலைச் சில முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. இருபுறமும் உவர்நீர் சூழ்ந்த நிலத்தில் இது எவ்வாறு சாத்தியம்? மழைநீர் மணலினூடே இறங்கிக் கீழேயுள்ள கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது என்பதே விடை. கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது. ஆயிரம் கிலோ நன்னீர் அடங்கும் பாத்திரத்திலே கடல்நீரை நிரப்பினால் ஏறத்தாழ ஆயிரத்து இருபத்தைந்து கிலோ இருக்கும். இச்சிறு வேற்றுமையே குடாநாட்டின் உயிர். கைபன் என்ற ஒல்லாந்தர் 1888-ஐ ஒட்டியும், ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் 1901-இலும் இதிலிருந்து ஒரு கணக்கைக் கண்டு சொன்னார்கள். நிலத்தடி நன்னீரின் மேல்மட்டம் கடல் மட்டத்துக்கு ஒரு அடி மேலே நின்றால், அந்நன்னீர் கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பது அடிவரை இறங்கி நிற்கும். பூதக்கண்ணாடியின் வில்லையைப் போல நடுவிலே தடித்தும் ஓரத்திலே மெலிந்தும் அது அமைந்திருக்கும்.

கணக்கைத் தலைகீழாகப் பார்த்தால் ஆபத்து விளங்கும். இயந்திரத்தால் இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்திவிட்டாற் காலப்போக்கிலே கீழேயிருந்து கடல்நீர் நாற்பது அடி ஏறி வரக்கூடும். மேலே இறைப்பவனுக்கு ஓர் அடிதான் தெரியும். கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாட் காலையிற் கிணற்று நீர் கரிக்கும். பக்கத்து வளவுக்காரனின் கிணறும் அதே வில்லையிலிருந்துதான் ஊறுகிறது என்பதால் இறைத்தவன் ஒருவன், உப்புக் குடிப்பவன் வேறொருவன் என்ற நிலை உண்டாகும். மேலும் மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. மழைநீரை உள்ளே விடுவதுபோலவே தோட்டத்துப் பசளையையும் மலக்குழியின் கழிவையும் உள்ளே விடும். இக்குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சிக் காணப்படுவதை ஆய்வாளர் பல ஆண்டுகளாக எடுத்துக் காட்டி வருகின்றனர்.

1990-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் தஞ்சம் புகுந்தனர். கையிற் கொண்டுவர அனுமதிக்கப்பட்டது மிகச் சொற்பம். அவர்களுக்கு முதல் நாட் குடிக்கத் தண்ணீர் கிடைத்தது இந்த மணலிலிருந்தே. தென்னந்தோட்டங்களிலே ஓலைக் கொட்டில்கள் எழும்பின, கிணறுகள் பகிரப்பட்டன. பகிர்ந்ததில் மனக்கசப்பே உண்டாகவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாற் பகிர்ந்தார்கள். அந்த வில்லையிலேதான் இன்றைய விருந்தினர் விடுதிகளின் குளியலறைக் குழாயும், புற்றரைக்கு நீர் தெளிக்கும் குழாயும், நீச்சற்குளமும் வந்து சேர்கின்றன.

இதனாலேதான் உல்லாசம் என்ற சொல்லை இவ்விடத்திற்கு ஏற்ப அளந்து பார்க்க வேண்டும் என்கிறேன். குளிர் நாட்டிலே உல்லாசம் என்பது வெதுவெதுப்பு. நெருக்கடி மிகுந்த நகரத்தில் அது தனிமை. கற்பிட்டியில் உல்லாசம் என்பது ஒரு வாளி நல்ல தண்ணீர். அதனை எண்ணமில்லாமற் கொட்டக் கிடைப்பதையே சிலர் உயர்தரச் சுகம் என்று கருதுகின்றனர். விடுதியைத் தெரிவு செய்யும்போது விலைப்பட்டியலையும் படங்களையும் பார்ப்பதோடு நில்லாமல், “உங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று நேராகக் கேட்டு எழுதுங்கள். சொந்தக் கிணறா, பவுசர் வண்டியில் வருகிறதா, மழைநீரைச் சேமிக்கிறார்களா, கடல்நீரை உப்பகற்றுகிறார்களா, கழிவுநீர் எங்கே செல்கிறது? நல்ல முறையில் நடத்துபவர் மகிழ்ந்து பதில் எழுதுவார். பதிலை மழுப்புபவரிடத்தில் அறைக் கட்டணம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அதனை நான் உயர்தர விடுதி என்று கொள்ளமாட்டேன். அதே கடிதத்தில் விடுதி கடற்புறத்தில் உள்ளதா, களப்புப்புறத்தில் உள்ளதா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஆகஸ்டு மாதத்தில் ஆலங்குடாக் கடற்கரையில் நீந்தலாம் என்று எண்ணி வந்து ஏமாந்தவர்கள் கேட்காமல் விட்டது இதைத்தான்.

முன்னர் ஒத்தி வைத்த தீவுகளின் கதைக்கு இப்பொழுது வருவோம்.

மாலைதீவிலே 1972-ஆம் ஆண்டு குரும்பா என்ற முதலாவது உல்லாச விடுதி திறக்கப்பட்டது. மக்கள் குடியிருக்காத ஒரு தீவை எடுத்து ஒரு விடுதிக்கு ஒதுக்குவது என்பதே அங்கு தொடர்ந்து கையாளப்பட்ட முறை. அந்நாடு அதனாற் பெருஞ்செல்வம் ஈட்டியது. அதைக் கண்டு இலங்கையிலும் ஆசை பிறந்தது இயல்பே. புத்தாயிரத்தின் முதற் பத்தாண்டிலே கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிய ஒரு பெருந்திட்டம் சுற்றுலா அதிகாரிகளால் வகுக்கப்பட்டது. விடுதிகள் மட்டுமல்ல, கொல்ஃப் மைதானமும் உள்நாட்டு விமானத்தளமும் வரைபடத்தில் இடம்பெற்றன. 2009-இல் யுத்தம் முடிந்தபின் திட்டத்துக்கு வேகம் பிறந்தது. சில தீவுகள் நீண்டகாலக் குத்தகைக்கு வழங்கப்பட்டன. வேலிகள் எழுந்த இடங்களில் மீனவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். வரைபடத்திற் கண்ட அளவுக்கு அத்திட்டம் இதுவரையில் எழும்பவில்லை.

எதிர்ப்பின் காரணத்தை விளங்கிக்கொள்ள மாலைதீவுக்கும் கற்பிட்டிக்கும் உள்ள வேற்றுமையைப் பார்க்க வேண்டும். கற்பிட்டித் தீவுகளிலே சிலவற்றில் ஊர் இருக்கிறது. கோயிலும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. வேறு சிலவற்றில் ஊர் இல்லை, ஆனால் வாடி இருக்கிறது. வாடி என்பது பருவகாலத்தில் வந்து தங்கும் மீனவர் அமைக்கும் ஓலைக் குடில்களும் வலை காயப்போடும் இடமும் கருவாடு உலர்த்தும் மணலும் சேர்ந்தது. காற்று மாறினால் அவர்கள் வேறு கரைக்குச் செல்வர். பருவம் திரும்பினால் அவர்களும் திரும்புவர். நிலஅளவையாளர் வந்த மாதத்தில் வாடி வெறுமையாயிருந்தால், தாளிலே ஆளில்லாத் தீவு என்று பதிவாகிவிடும். உழவன் வீட்டுக்குச் சென்ற வேளையில் வயலைப் பார்த்துவிட்டு இதற்கு உடையவன் இல்லை என்று சொல்வது போன்றது இது.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். தோணியிற் சென்று வலையைக் கடலில் வளைத்துவிட்டு, இரு முனைகளின் கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள் கரையில் நின்று இழுப்பர். இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் மெல்ல நெருங்கி வரும். இதற்கு நீண்ட, தடையற்ற மணற்கரை வேண்டும். நடுவிலே ஒரு கல்லணை கட்டினாலோ, கரைவரையில் வேலி போட்டாலோ அந்தப் பாடு அத்தோடு முடிந்தது. வலைக்காரன் நிலத்தின் சொந்தக்காரன் அல்லன். அவனுடைய உரிமை மணலின்மீது நடந்துபோகும் உரிமை மட்டுமே. 1981-ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் சராசரி உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரையும் சராசரி தாழ்நீர் எல்லையிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வகுத்து, அதற்குள் அபிவிருத்தி வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்று விதித்திருக்கிறது. சட்டம் நல்லது. ஆனால் வலைக்காரனின் நடைபாதை எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை.

இதே கரைக்குச் செல்வம் வருகிறது என்ற வாக்குறுதி முன்னரும் ஒருமுறை வந்ததுண்டு. 1980-களிலே சிலாபம் தொடங்கிப் புத்தளம் வரை இறால் வளர்ப்புக் குளங்கள் பெருகின. கண்டற் காடுகள் பல இடங்களில் அழிக்கப்பட்டன. வெளிநாட்டு விருந்து மேசைகளுக்கு இறால் சென்றது, பணமும் வந்தது. 1990-களில் வெண்புள்ளி நோய் பரவியதும் குளங்கள் பல கைவிடப்பட்டன. உப்பேறிய அந்தக் குழிகளை வீதியிலிருந்தே காணலாம்.

ஆகையால் விருந்தினர் வரவே கூடாது என்பது என் வாதமோ என்று நேயர்கள் ஐயுற வேண்டாம். விடுதியிலே சமையற்காரராகவும் படகோட்டியாகவும் காற்றாடி விளையாட்டுக் கற்பிப்போராகவும் இவ்வூர் இளைஞர் பலர் நல்ல வருவாய் பெறுகின்றனர். களப்போரத்துச் சிறு விடுதிகள் சில உள்ளூர்க் குடும்பங்களாலேயே நடத்தப்படுகின்றன. அங்கே காலையிற் கரைக்கு வந்த மீனும் நண்டும் மத்தியானத்தில் இலைக்கு வருகின்றன. பெரிய சொகுசு விடுதியிலே தங்குவோரும் படகை ஊர் மீனவரிடத்திலும், மரக்கறியை ஊர்த் தோட்டத்திலும் பெறும் விடுதியைத் தேடிப் பிடிக்கலாம். இவ்வளவு தூரம் பணம் செலவழித்து வருபவர் அந்தப் பணம் எந்தக் கைக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்பதில் அநாகரிகம் ஒன்றுமில்லை.

கடலை விட்டு ஒருநாள் நிலத்திலும் சுற்றிப் பார்க்க விரும்புவோருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கற்பிட்டிக் கோட்டை ஒல்லாந்தரால் 1667-க்கும் 1676-க்கும் இடையிலே கட்டப்பட்டது. களப்பின் வாயிலை அடைத்து, கண்டி அரசனின் வெளிநாட்டு வணிகத்துக்குக் கதவு சாத்துவதே அதன் நோக்கம். 1795-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. முருகைக்கல்லாலான அதன் மதில்களுக்குள் இலங்கைக் கடற்படையினர் இருப்பதால் அனுமதி பெற்றே பார்க்க வேண்டும். தலவிலையில் உள்ள புனித அன்னம்மாள் ஆலயத்தின் பெருவிழாக்கள் மார்ச் மாதத்திலும் ஆகஸ்டுத் தொடக்கத்திலும் நடைபெறுகின்றன. அப்பொழுது பல்லாயிரக்கணக்கான யாத்திரிகர் கூடுவர். அறை கிடைப்பதும் வீதியில் வண்டி நகர்வதும் அரிது. யாத்திரிகராக வருவோர் அந்த நாட்களைத் தேடி வரட்டும். ஓய்வுக்கு வருவோர் தவிர்த்துக்கொள்ளட்டும். தெற்கே சிலாபத்துக்கு அருகில் முன்னேஸ்வரம் சிவாலயம். இடைவழியில் உடப்பு என்னும் தமிழ் மீனவர் கிராமம். அங்கே திரௌபதை அம்மன் கோயிலில் ஆடி மாதத்தையொட்டி நடைபெறும் தீமிதிப்பைக் காண அயலூர்களிலிருந்தெல்லாம் மக்கள் வருவர். வடக்கே வில்பத்துக் காடு. புத்தளம் பக்கத்திலிருந்து செல்வோருக்கு எழுவன்குளத்திலே ஒரு நுழைவாயில் உண்டு.

கடைசியாகப் பத்தலங்குண்டு. கற்பிட்டியிலிருந்து படகிலே சென்று அத்தீவைப் பார்த்து வருவதைத் தம் விடுமுறையின் சிகரமாகப் பலர் வைத்துக்கொள்கின்றனர், அதில் தவறில்லை. அது மீனவர் வாழும் இடம், காட்சிச்சாலை அன்று. வலை காயும் மணலில் நடக்கும்போது வலையை மிதியாமல் விலகி நடக்க வேண்டும். கருவாட்டின் மணம் இருக்கும்; அது அவர்களுடைய சம்பளத்தின் மணம். வீடுகளையும் பெண்களையும் கேளாமற் படம் பிடிக்கலாகாது. குடிப்பதற்கு வேண்டிய தண்ணீரை நீங்களே படகிற் கொண்டு செல்லுங்கள். வெறும் போத்தல்களையும் திரும்பக் கொண்டு வாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள காலத்தில், விடியும் முன் புறப்பட வேண்டும். புறப்படுவதற்கு முந்திய மாலையிற் படகோட்டியிடம் நாளைக்குக் காற்று எப்படி என்று கேளுங்கள். அவர் கடலையும் வானத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு “நாளைக்கு வேண்டாம்” என்று சொன்னால், முற்பணம் கொடுத்துவிட்டோமே என்று வாதாடாமல் இன்னொரு நாள் தங்கக்கூடிய விதத்தில் உங்கள் நாட்களை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு வாருங்கள்.